யாருடைய வேள்வி?

வேள்வி என்னும் சொல் ஈழத்துத் தமிழரிடையே ஒரு பொருளில் மட்டும் வழங்குவதன்று. சைவ ஆலயங்களிற் குடமுழுக்கு நிகழும்போது யாகசாலை அமைத்து, ஒரு குண்டம் முதலாக முப்பத்துமூன்று குண்டம் வரை வகுத்து, ஆகம முறைப்படி தீ வளர்ப்பதும் வேள்வியே. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வைரவர் முதலிய தெய்வங்களுக்கு ஆடும் கோழியும் பலியிடும் விழாவும் பேச்சு வழக்கில் வேள்வி என்றே வழங்கும். இவ்விரண்டிலும் வேறுபட்டதாய், வேதத்தையே முழு ஆதாரமாகக் கொண்டு, கோயிலும் விக்கிரகமும் இன்றித் திறந்த வெளியிற் பந்தலிட்டு மூன்று தீக்களை வளர்த்துச் செய்யப்படும் சிரௌத வேள்வி என்பது மூன்றாவது. இக்கட்டுரை இம்மூன்றாவதனையே பெரிதும் கருத்திற் கொள்கின்றது. எனினும் இங்கு எழுப்பப்படும் வினா ஏனைய இரண்டுக்கும், இந்து சமயத்துக்கு அப்பாற்பட்ட வழிபாடுகளுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அவ்வினா இதுவே: ஒரு வேள்வியை ஒருவர் கேட்கின்றார், இன்னொருவர் பொருள் கொடுக்கின்றார், வேறு சிலர் மந்திரம் ஓதுகின்றனர், பலர் நின்று பார்க்கின்றனர். இவர்களுள் அவ்வேள்வி யாருடையது? ஏற்பாடு செய்தல் என்பது வெறும் நிருவாகச் செயலா, அன்றி அதற்கெனத் தனியான அறம் ஒன்று உண்டா?

இவ்வினாவை எழுப்புகின்றவன் வேத மரபைச் சேர்ந்தவனல்லன். வரிப்பத்தான்சேனை என்னும் முஸ்லிம் கிராமத்திற் பிறந்தவன். ஆகவே தீர்ப்பு வழங்கும் உரிமை எதனையும் இங்கு நான் கோரவில்லை. என் வீட்டு முற்றத்தில் எழுந்த ஓர் ஐயத்திற்கு விடை தேடிச் சென்றபோது, பழைய வேள்வி நூலோர் அதே ஐயத்தை எனக்கு வெகு காலத்திற்கு முன்னரே ஆராய்ந்திருந்தனர் என்பதைக் கண்டேன். அதனைப் பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

வேள்வியின் அமைப்பு

சிரௌத வேள்வியின் நடுவில் நிற்பவன் எசமானன். எசமானன் என்னும் சொல்லை இன்று நாம் வேலைகொள்வோன் என்ற பொருளில் வழங்குகின்றோம். வடமொழியில் அதன் மூலப்பொருள் தன்பொருட்டு வேள்வி செய்விப்பவன் என்பதாகும். அவன் மனைவியோடு கூடியிருந்தே வேள்வி செய்தல் வேண்டும். சோம வேள்வியாயின் அத்வர்யு, ஹோதா, உத்காதா, பிரமா என்னும் நால்வரும், ஒவ்வொருவருக்கும் மூவர் வீதம் துணைவருமாகப் பதினாறு இருத்துவிக்குகள் அமர்வர். சில மரபுகளிற் சதசியர் என்னும் பதினேழாமவரும் உண்டு. இவர்களுக்குத் தட்சிணை கொடுக்கப்படும். அரணிக்கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கல் வேண்டும். சோமக்கொடி, நெய், பால், மரக்கரண்டிகள், மட்பாண்டங்கள் ஆகியன குறித்த அளவிலும் குறித்த வடிவிலும் இருத்தல் வேண்டும். இத்தனையையும் ஒருங்கு சேர்ப்பது எளிதன்று. வேள்வியை ஏற்பாடு செய்தல் என்பது தொன்றுதொட்டே பெருஞ்செல்வரின் துணையை வேண்டி நின்றமை இதனால் விளங்கும்.

எனினும் இந்த விரிவான ஏற்பாடுகள் அனைத்தையும் மீமாஞ்சகர் மூன்று கூறுகளுள் அடக்கிவிட்டனர். கொடுக்கப்படும் பொருள், அதனைப் பெறும் தேவதை, கொடுப்பவனின் துறவு என்பனவே அவை. இம்மூன்றும் இருப்பின் அது யாகம். துறவு என இங்குக் குறிக்கப்படுவது காட்டுக்குச் செல்லுதலன்று. அவியைத் தீயிற் சொரியும் வேளையில் எசமானன், இது இன்ன தேவதைக்குரியது, இனி என்னுடையதன்று என்னும் கருத்தமைந்த சிறு வாக்கியம் ஒன்றை மொழிகின்றான். தீயிற் சொரிவது அத்வர்யுவின் கை. விட்டுக்கொடுப்பது எசமானனின் நா. வேள்வியின் உயிர்நிலை அச்சிறு வாக்கியத்திலேயே தங்கியுள்ளது.

தமிழ் மரபிற் புரவலன்

தமிழ் மண்ணில் வேள்வி புதியதன்று. பாண்டியன் ஒருவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்றே பெயர் பெற்றான். பின்னாளில், எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு, அம்முதுகுடுமி வேள்வியின் பொருட்டு அந்தணன் ஒருவனுக்கு அளித்த ஊர் இடைக்காலத்திற் பறிபோய் மீண்டும் வழங்கப்பட்டமையைக் கூறுகின்றது. கரிகாலன் இறந்தபோது கருங்குழலாதனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் வேள்வி செய்த சாலையையும் தூணையும் நினைவுகூர்கின்றது. பருந்தின் வடிவில் அமைந்த வேள்விக்களம் அங்குச் சுட்டப்படுவதாக உரைகாரர் கொள்வர்.

நம் வினாவுக்கு மிக நெருங்கிய செய்தி பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்துப் பதிகத்தில் உள்ளது. பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாடிய பாலைக் கௌதமனார், பரிசிலாகப் பொன்னும் பொருளும் கேட்டாரல்லர். தாமும் தம் மனைவியும் சுவர்க்கம் புகவேண்டுமென்றார். அதன்பொருட்டு மன்னன் ஒன்பது வேள்விகள் செய்விக்கப் பத்தாம் வேள்வியில் அந்தணரும் மனைவியும் காணப்படாது மறைந்தனர் என்பது பதிகம் தரும் செய்தி. இதனை வரலாறாகக் கொள்வதா, கதையாகக் கொள்வதா என்பது வேறு ஆராய்ச்சி. நாம் மனங்கொள்ள வேண்டியது இதுவே: செலவு மன்னனுடையது, சுவர்க்கம் புலவருடையது. பொருள் கொடுத்த காரணத்தாற் பயன் மன்னனைச் சென்று சேரவில்லை. பரிசிலாகக் கொடுத்த கணத்திலேயே அப்பொருள் மன்னனுடையது என்னும் நிலை நீங்கிவிட்டது. புரவலனும் தன் பங்குக்கு, இது என்னுடையதன்று என்று சொல்லிவிட்டான் போலும்.

வேள்வியை மறுத்த குரலும் தமிழிற் குறைந்ததன்று. ஆயிரம் வேள்வி செய்தலினும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்பது வள்ளுவர் கொள்கை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் மீட்டுச் சென்று, அதனால் ஊரின் வெறுப்புக்கு ஆளானான். எம் நாட்டிலும் ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் உயிர்ப்பலியிடுவதைக் கடுமையாகக் கண்டித்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலியிடுவதற்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தபோது, இப்பழைய விவாதம் சட்டத்தின் மொழியில் மீண்டும் பேசப்பட்டது. வேள்வியை ஏற்போரும் மறுப்போரும் பெரும்பாலும் விவாதித்தது எதைக் கொடுப்பது என்பது பற்றியே. கொடுப்பவன் யார் என்ற வினா அதன் நிழலில் மறைந்து கிடந்தது.

பாஞ்ஞாள், 1975

அவ்வினாவை வெளிச்சத்திற்குக் கொணர்ந்த நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள பாஞ்ஞாள் என்னும் சிற்றூரில், 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 12 முதல் 24 வரை நம்பூதிரி அந்தணர் அக்கினிசயனம் என்னும் பெருவேள்வியைச் செய்தனர். அதிராத்திரம் என்னும் சோம வேள்வியோடு கூடிய இச்சடங்கிற் பறவை வடிவிலான வேள்விமேடை ஒன்று ஐந்து அடுக்குகளாகச் செங்கற்களால் எழுப்பப்படும். ஏறத்தாழ ஆயிரம் செங்கற்கள். ஒவ்வொன்றையும் வைக்க மந்திரம் உண்டு. கரிகாலனைப் பாடிய புலவர் கண்ட பருந்து வடிவை இருபதாம் நூற்றாண்டின் மக்கள் கண்ணாற் காணும் வாய்ப்பு அங்குக் கிட்டியது.

இதனை நிகழ்த்துமாறு முயன்றவர் நம்பூதிரியல்லர். ஒல்லாந்து நாட்டிற் பிறந்து, 1950களிற் சென்னையிற் பயின்று, பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திற் பேராசிரியராயிருந்த பிரிட்ஸ் ஸ்டால் (1930–2012) என்பவரே அவர். இவ்வேள்வி இறுதியாக 1956இல் நிகழ்ந்திருந்தது. அறிந்தவர் முதுமையடைந்து வந்தனர். இன்னும் சில ஆண்டுகள் கழியின் இது உலகினின்றே மறைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். நம்பூதிரிமார் செய்ய இசைந்தனர். ஆனாற் செலவைத் தாங்கும் வசதி அவர்களிடம் இருக்கவில்லை. பொருளின் பெரும்பகுதி வெளிநாட்டினின்று திரட்டப்பட்டது. படப்பிடிப்பாளரும் ஒலிப்பதிவாளரும் அறிஞரும் வந்து சேர்ந்தனர். ரொபர்ட் கார்ட்னரும் ஸ்டாலும் எடுத்த திரைப்படம் 1976இல் வெளிவந்தது. வேள்வியை அணுவணுவாக விவரிக்கும் இரு பெருந்தொகுதிகள் 1983இல் வெளிவந்தன.

ஆடுகள் பலியிடப்படும் என்ற செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. பெரும் விவாதத்தின் பின், ஆடுகளுக்குப் பதிலாக அரிசிமா வாழையிலையிற் பொதிந்து பயன்படுத்தப்பட்டது. இறுதி நாள்களிற் பெருங்கூட்டம் திரண்டது. வேள்வி நிறைவுற்றதும் மரபுப்படி பந்தல் தீயிட்டு எரிக்கப்பட்டது.

பின்னர் அறிஞருலகில் விவாதம் தொடங்கியது. நாடகவியல் அறிஞராகிய ரிச்சர்ட் செக்னர் 1986இல் எழுதிய கட்டுரையில், பாஞ்ஞாளில் நிகழ்ந்தது உண்மையான வேள்வியா, படக்கருவிக்காக மேடையேற்றப்பட்ட வேள்வியா என்ற வினாவை எழுப்பினார். படக்கருவி வாராதிருப்பின் இவ்வேள்வி நிகழ்ந்திராது. அங்ஙனமாயின் இதனை நிகழ்த்தியது வேதமா, படக்கருவியா? ஸ்டால் இதற்கு மறுமொழி கூறினார். இருவருள் எவர் கூறியது சரி என்று முடிவு செய்வதற்கு முன், வேள்வியின் சொந்த நூலோர் இத்தகைய நிலையில் என்ன விதி கூறினர் என்று நோக்குதல் முறையாகும்.

பதிலியும் உரியவனும்

சைமினியின் மீமாஞ்சா சூத்திரமும் அதற்குச் சபரர் எழுதிய பாடியமும் வேள்வியில் எதற்குப் பதிலி வைக்கலாம், எதற்கு வைக்கலாகாது என்று நுணுகி ஆராய்கின்றன. விதித்த நெல் கிடைக்காவிடின் அதனையொத்த வேறு தானியத்தைக் கொள்ளலாம். சோமக்கொடி கிடைக்காத இடத்து வேறொரு கொடியைக் கொள்ளலாம். விலங்கிற்கு மாவினாற் செய்த உருவைக் கொள்ளலாமா என்பது பற்றி மட்டும் வைதிகரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. மத்துவ மரபினர் மாவையே ஏற்றனர். வேறு சிலர் மறுத்தனர். எவ்வாறாயினும், பொருளுக்குப் பதிலி உண்டு என்பது பொதுக் கொள்கை. செய்யும் கைகளுக்கும் பதிலி உண்டு. இருத்துவிக்கு ஒருவர் நோயுற்றால் இன்னொருவர் அமரலாம்.

ஆனால் தேவதைக்குப் பதிலி இல்லை. தீக்குப் பதிலி இல்லை. மந்திரத்திற்குப் பதிலி இல்லை. அனைத்தினும் மேலாக, வேள்விக்கு உரியவனாகிய எசமானனுக்குப் பதிலி இல்லை. காரணம் தெளிவானது. தட்சிணை கொடுத்துப் பிறர் உழைப்பை வாங்கலாம். மந்திரம் ஓதும் நாவை வாங்கலாம். செங்கல் அடுக்கும் கையை வாங்கலாம். ஆனால், இது என்னுடையதன்று என்று சொல்வதற்கு, முதலில் அது என்னுடையதாக இருத்தல் வேண்டும். என்னுடையதை நான் மட்டுமே விட்டுக்கொடுக்க இயலும். துறவை வாடகைக்கு அமர்த்த முடியாது.

மீமாஞ்சகரின் இவ்விதி எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. சடங்கின் சிறு கூறுகளிலே கண்ணாக இருந்தவர்கள் எனச் சிலர் அவர்களை ஏளனம் செய்வர். அவர்களோ கொடுக்கும் பொருளை மாற்ற இசைந்தனர். கொடுக்கும் மனிதனை மாற்ற இசைந்தாரல்லர்.

இவ்வளவுகோலைக் கொண்டு பாஞ்ஞாளை நோக்குவோம். பொருள் வெளிநாட்டினின்று வந்தது குற்றமன்று. குட்டுவனின் பொருளும் புலவருக்கு வெளியிலிருந்து வந்ததே. அரிசிமா வைத்தமை விவாதத்திற்குரியதாயினும் வேள்வியை அழித்துவிடவில்லை. படக்கருவி நின்றமையும் தன்னளவில் வேள்வியைப் பொய்யாக்காது. வேள்வியிற் பார்ப்போர் என்றும் இருந்தனர். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அங்கு எசமானன் இருந்தானா?

இருந்தான் என்றே நான் கருதுகின்றேன். எசமானனாக அமர்ந்த நம்பூதிரியார் தீட்சை பெற்று, கருவிலிருக்கும் சிசுவைப் போன்று கைகளை மூடி, மான்தோலின் மேல் நோன்பிருந்தார். அவருடைய மனைவியாரும் உடனிருந்தார். பந்தல் எரிந்தபின் அவ்விருவரும் வேள்வித்தீயைத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றனர். அத்தீயை வாழ்நாள் முழுவதும் காலையும் மாலையும் ஓம்புதல் அவர்கள் கடமையாயிற்று. படப்பிடிப்பாளர் பன்னிரண்டு நாள்களின் பின் கருவிகளைக் கட்டிக்கொண்டு சென்றனர். அறிஞர் நூல் எழுதச் சென்றனர். தீ எவருடைய வீட்டிற்குச் சென்றதோ அவருடையதே அவ்வேள்வி. நடிகன் நாடகம் முடிந்ததும் வேடத்தைக் களைகின்றான். களைய முடியாத கடமையைத் தலையில் ஏற்றுக்கொண்டு வீடு திரும்புபவனை நடிகன் என்று கூறுதல் பொருந்தாது.

ஸ்டாலின் கொள்கையும் அதன் எல்லையும்

இங்கு ஒரு தடை எழலாம். பாஞ்ஞாள் அனுபவத்தின் பின் ஸ்டால் 1979இல் வெளியிட்ட கட்டுரையிற் சடங்கு பொருளற்றது என்று வாதித்தார். சடங்கு செய்வோர் அதன் உட்கருத்தைச் சிந்திப்பதில்லை. விதி தவறாது செய்வதிலேயே அவர்தம் கவனம் முழுவதும் செல்கின்றது. எனவே சடங்கு என்பது விதிகளால் ஆன செயல். தனக்கு வெளியே எதனையும் சுட்டுவதன்று என்பது அவர் முடிவு. அங்ஙனமாயின், சடங்கு யாருடையது என்ற வினாவும் பொருளற்றதாகிவிடாதா?

ஆகாது என்பதே என் விடை. செங்கல்லை இவ்வாறு வைப்பதேன், கரண்டியை இப்பக்கம் திருப்புவதேன் என்பவற்றிற்குப் பொருள் இல்லாதிருக்கலாம். ஸ்டாலின் கூற்று இவ்வளவிற் சரியாகவும் இருக்கலாம். ஆனாற் செயலின் பொருளும் செயலின் உரிமையும் வெவ்வேறானவை. ஒரு தாய் குழந்தைக்குப் பாடும் தாலாட்டின் ஒலிகள் பலவற்றிற்குப் பொருள் இல்லை. அதனால் அது யாருடைய தாலாட்டு என்ற கேள்வி பொருளற்றதாகிவிடுமா? பொருளற்ற ஒலியாயினும் அதைத் தாயின் வாயினின்றே குழந்தை வேண்டுகின்றது. சடங்கின் நூறு செயல்களும் வெறும் விதிகளே என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் நடுவே வரும், என்னுடையதன்று என்னும் ஒரு வாக்கியம் விதியாக மட்டும் நிற்பதில்லை. அங்கு ஒரு மனிதன் எதையோ இழக்கின்றான். இழப்பு உண்மையானது, அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

துருபதனின் வேள்வி

இழப்பு உண்மையானதாயிற் போதுமா? நோக்கம் எதுவாயினும் ஆகலாமா? இவ்விடத்துப் பாரதக் கதை ஒன்று துணை செய்கின்றது. துரோணரைக் கொல்லும் மகனைப் பெறவேண்டி வேள்வி செய்ய நினைந்த துருபதன், உபயாசர் என்னும் முனிவரிடம் சென்று எண்ணிறந்த பசுக்களைத் தருவதாகக் கூறினான். அவர் மறுத்துவிட்டார். ஓராண்டு பணிவிடை செய்த பின்னரும் இசையாது, தம் தமையனார் யாசரிடம் செல்லுமாறு கூறினார். காட்டிற் செல்லும்போது தூய்மையற்ற நிலத்தில் விழுந்துகிடந்த கனியையும் ஆராயாது எடுத்தவர் தமையனார். ஆகையால் இவ்வேள்வியையும் அவர் ஏற்பார் என்பது தம்பியின் கணிப்பு. அவ்வாறே யாசர் ஏற்றார். அவ்வேள்வித்தீயினின்றே திட்டத்துய்மனும் திரௌபதியும் தோன்றினர். அத்தீயிற் பிறந்தவர்களின் வாழ்வு எத்துணைப் பெரும் போரில் முடிந்தது என்பதை நாம் அறிவோம்.

துருபதனிடம் உரிமை இருந்தது, பொருள் இருந்தது, விதியும் குறைவின்றி நடந்தது. குறைந்தது ஒன்றே. அவன் எதையும் விடவில்லை. பகையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டே தீயின் முன் அமர்ந்தான். கீதை வேள்வியை மூவகையாகப் பிரித்து, பயன் கருதியும் பகட்டிற்காகவும் செய்வதை இடைநிலையிலும், உணவும் தட்சிணையும் கொடாது செய்வதைக் கடைநிலையிலும் வைத்தது இதனாலேயே போலும். மேலும், உபயாசரின் மறுப்பு நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கின்றது: வேள்வி நடத்தித் தருபவனும் வெறும் கூலியாள் அல்லன். அவனுக்கும் மறுக்கும் கடமை உண்டு.

கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் அத்திரௌபதிக்கு ஒரு கோயில் உண்டு. பாரதக் கதையையொட்டிய சடங்குகளின் நிறைவில் அங்குத் தீமிதிப்பு நிகழும். எங்கள் ஊர்களினின்று கடற்கரைப் பட்டினங்களுக்குச் செல்லும் முஸ்லிம்களும் அத்திருவிழாவைப் பற்றி அறிவர். அங்கு அந்தணரும் இல்லை, சிரௌத விதியும் இல்லை. ஆயினும் நேர்த்தி வைத்தவர் தம் காலாலேயே தீயைக் கடக்கின்றார். எவ்வளவு பொருள் கொடுத்தாலும் பிறர் காலில் தன் சூட்டை ஏற்றிவிட முடியாது. மீமாஞ்சகர் சூத்திரத்திற் கூறியதை அம்மக்கள் பாதத்தால் அறிந்திருக்கின்றனர்.

எங்கள் முற்றம்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுதல் கடமையாகின்றது. வேதவேள்வியும் எம் சமயத்து உழ்ஹிய்யாவும் ஒன்றென நான் கூறவில்லை. அவற்றின் நம்பிக்கைகள் வெவ்வேறானவை. ஆனால் ஏற்பாடு செய்பவனின் சோதனை இரண்டிற்கும் பொதுவானது.

ஹஜ்ஜுப் பெருநாளில் எழுவர் கூடி ஒரு மாட்டைப் பங்காகக் கொடுத்தல் எம்மிடையே வழக்கம். எங்கள் வீட்டு முற்றத்தில் ஆண்டுதோறும் அவ்வேற்பாட்டை வாப்பா கவனித்து வந்தார். சில ஆண்டுகளாக மத்திய கிழக்கில் தொழில் செய்யும் உறவினர் பலரும் பணம் அனுப்பிப் பங்கு சேர்வர். உரியவரின் சம்மதம் பெற்று அவருக்காகப் பிறர் அறுத்தல் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதே. ஓராண்டு வாப்பா நோயுற்றிருந்தமையால் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பல்கலைக்கழக மாணவன். ஒழுங்காகச் செய்து காட்டவேண்டும் என்ற முனைப்பு எனக்கிருந்தது. பெயர்ப்பட்டியல் எழுதினேன்; நிறுவை பார்த்தேன்; பணம் அனுப்பியவர்கள் காணும்பொருட்டு அனைத்தையும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தேன். இறைச்சி பெற வந்தவர்களையும் படம்பிடித்தேன். வரிசையில் நின்ற முதிய பெண்ணொருவர் என் கையிலிருந்த கருவியைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பொதியை வாங்காமலே திரும்பிவிட்டார். வேலை மிகுதியில் நான் அதைப் பெரிதாகக் கருதவில்லை.

மாலையில் மாமா அழைத்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "படம் தெளிவா வந்திருக்கா மகன்?" என்பது. தெளிவாக வந்திருக்கின்றது என்றேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த வாப்பா பின்னர் என்னை அழைத்து, "நிய்யத்து யார்ர?" என்று மட்டும் கேட்டார். நான் பட்டியலைக் காட்டினேன். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

ஏழு பெயர்களும் பட்டியலில் இருந்தன. ஆனால் அன்று முற்றத்தில் எதையேனும் விட்டுக்கொடுத்தவர் யார்? மாமா பணத்தைக் கொடுத்து ஒரு படத்தைப் பெற்றார். நான் உழைப்பைக் கொடுத்து ஒரு நற்பெயரைப் பெற்றேன். அன்று உண்மையாக எதையோ இழந்தவர் பொதியின்றித் திரும்பிய அம்முதியவர் ஒருவரே. இறைவனுக்கு வேண்டுவது இறைச்சியன்று, கொடுப்போனின் உள்ளத்திலுள்ள பயபக்தியே என்னும் திருக்குர்ஆனின் போதனையைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவன் நான். அதை மறப்பதற்கு ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு கைத்தொலைபேசியும் போதுமாயிருந்தன. மறுநாட் காலை அப்பெண்ணின் வீட்டிற்குச் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தேநீர் தந்தார். அது கடிதலினும் கனமாக இருந்தது.

ஏற்பாடு செய்வோனின் அறம்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, ஏற்பாடு செய்வோனின் அறம் மூன்று கடமைகளாக விரியும் எனலாம்.

முதலாவது, உரியவனுக்கு இடம் விடுதல். இன்று இணையத்திற் கட்டணம் செலுத்தி, தொலைதூரத்தில் நிகழும் ஓமத்திற்குப் பெயரும் நட்சத்திரமும் பதிந்து பங்குகொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது. புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு இது ஆறுதலாயிருக்கலாம். அதனை இகழ்வது எளிது, நியாயமன்று. ஆனால் அதனை நடத்துவோர், பணம் செலுத்தியவர் தீயின் முன் இல்லாவிடினும் தம் இடத்திலிருந்து எதையேனும் தாமே செய்யவும் விடவும் வழிகாட்டுதல் வேண்டும். ஒரு வேளை நோன்பு, ஒரு பகையின் கைவிடல், ஓர் ஏழைக்கு உணவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாயினும் உரியவனின் கையாலேயே நிகழட்டும்.

இரண்டாவது, பொருள் கொடுப்போனும் தன் பங்கிற்குத் துறத்தல். குட்டுவன் கொடுத்தபின் பயனைக் கோரவில்லை. அறிஞரோ, அறக்கட்டளையோ, ஆலய அறங்காவலரோ, அரசியலாளரோ எவராயினும், கொடுத்ததைத் தம் பெயர்ப்பலகையாகத் திரும்பப் பெற முயலும்போது கொடை விலையாகிவிடுகின்றது. பாஞ்ஞாளில் நூலும் படமும் அறிஞருக்குக் கிடைத்தமை உண்மையே. அவை உலகத்தாரின் அறிவிற்குப் பொதுவாகியமையாலும், வேள்வியின் தீ அவர்களுடன் செல்லாமையாலும், அங்கு எல்லை பெரும்பாலும் காக்கப்பட்டது என்பேன். இறுதி வேள்வியாகலாம் என அஞ்சப்பட்ட அது, 2011 ஏப்ரலில் அதே பாஞ்ஞாளில், பெருந்திரளான மக்கள் சூழ மீண்டும் நிகழ்ந்தது. அழியும் என்ற அச்சத்திற் செய்த ஏற்பாடு அதற்குப் புதிய வாழ்வு தந்தது போலும். எனினும் பெருவிழாவாகிய வேள்வியிற் பார்ப்போரின் எண்ணிக்கை கூடக்கூட, எசமானனின் மெல்லிய குரலைக் கேட்பது அரிதாகும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, பெறுவோரின் மானம் காத்தல். விலங்கின் உயிர் பற்றிப் பேசும் தகுதி அறுக்கும் மரபிற் பிறந்த எனக்குக் குறைவே. ஆயினும் ஆபுத்திரன் கண்ட பசுவின் கலக்கமும், வள்ளுவர் கேட்கும் கேள்வியும் எம்மையும் விட்டுவிடுவனவல்ல. எந்தச் சடங்காயினும், கொடுப்போன் உயர்வதற்காக இன்னோர் உயிர் தாழவேண்டி நேரின், அக்கொடையில் ஏதோ பழுதுண்டு. பாஞ்ஞாளில் அரிசிமா வந்தமையால் வேள்வி சிறுத்துவிடவில்லை. எங்கள் முற்றத்திற் படக்கருவி இல்லாதிருப்பினும் பெருநாள் சிறுத்திராது.

இவ்விதிகளாற் சடங்கின் உயிர் காக்கப்பட்டுவிடும் என்று நான் துணியவில்லை. மனிதர் தம் உள்ளத்தையே ஏமாற்ற வல்லவர். என்னுடையதன்று என்று வாயாற் சொல்லிக்கொண்டே கையை இறுக மூடிவைத்திருக்க எவராலும் இயலும். எசமானனின் நோன்பைக் கேள்வி கேட்பதற்கு முன், அவனைச் சூழ நிற்கும் நாம் நம் கைகளை விரித்துப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த பெருநாளில் வாப்பா உடல்நலம் தேறியிருந்தார். எனினும் ஏற்பாட்டை என்னிடமே விட்டார். அன்று மாமாவிடம் பணத்தோடு ஒன்றைக் கேட்டேன்: அறுக்கும் நேரத்தில் அங்கு அவரும் வேலையை நிறுத்தி, சிறிது நேரம் தனித்திருந்து, தாம் கொடுப்பதை நினைக்கவேண்டும் என்றேன். படம் எடுக்கமாட்டேன் என்றும் கூறினேன். சிறிது மௌனத்தின் பின், "சரி மகன்" என்றார். அந்நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியவேண்டியதும் அன்று. ஏனெனில் அது அவருடையது.